பாக்கின் 'குடியானவர் கான்டாட்டா': தொடக்கம் ஏன் இப்படித் தாவுகிறது?

தல்லாகுளம் வயலின்:
15 வருடமாகத் தேவாலயப் பாடகர் குழுவில் வயலின் வாசிக்கிறேன். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் என்றாலே எனக்குப் பக்தி இசைதான். போன வாரம்தான் அவருடைய இந்தக் கான்டாட்டாவை (வாத்தியங்களோடு பாடும் பல பகுதிப் பாடல் தொகுப்பை) கேட்டேன். 1742 ஆகஸ்ட் 30 அன்று, ஜெர்மனியின் லைப்சிக் நகரப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் புதிய பண்ணையார் டீஸ்காவுக்காக அரங்கேறியது. மரியாதைப் பாட்டு என்றால் கம்பீரமாகத் தொடங்க வேண்டாமா? ஒரு நடனம் காலூன்றுவதற்குள் தாளம் மாறிவிடுகிறது. எண்ணி வாசிக்கப் பார்த்து, மூன்று முறை தவறவிட்டேன்.

வைகைக்கரை:
அண்ணே, வேண்டுமென்றே செய்ததுதான். ஊர் நடன மெட்டுகளைத் துண்டு துண்டாகக் கோத்திருக்கிறார். பாடுவது இரண்டே பேர்: ஒரு குடியானவன், ஒரு குடியானவப் பெண். தொடக்கத்தில் சாக்சனி வட்டார வழக்கு அப்படியே வருகிறது. வரி வசூலிப்பவரிடம் 'ரொம்பக் கடுமை காட்டாதீர்' என்று கெஞ்சும் பாட்டும் உண்டு. பாடல் வரிகளை எழுதிய கவிஞர் பிகாண்டரே வரி வசூல் வேலையில் இருந்தவர்! எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

மாசி வீதி:
புதுமண்டபத் தூண்களில் நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்பார்களே, புரவலரை நினைத்தால் எனக்கு அந்தக் கல்முகங்கள்தான். இங்கே பண்ணையாரோடு ஊரே வந்துவிடுகிறது. அப்புறம், அவரைப் புகழும் பாட்டின் மெட்டைக் கவனியுங்கள், 'லா ஃபோலியா' என்ற பழைய ஐரோப்பிய நடன மெட்டு.

தல்லாகுளம் வயலின்:
அட, ஃபோலியாவா! மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதாயிற்றே. சரி, இன்று ராத்திரியே வாசித்துப் பார்க்கிறேன். கடைசியில் எல்லாரும் பைக்குழல் ஒலிக்கும் மதுக்கடைக்குக் கிளம்புகிறார்களே, அதையும் சேர்த்து.