வீட்டு குரூப்ல ஒரு கொட்டேஷன்: 54 கேமரா, 32 சேனல்

நான்: அக்கா ஃப்ரீயா இருக்கியா

நான்: ஒரு ஸ்க்ரீன்ஷாட் போடுறேன் பாரு. இன்னிக்கு மானம் போச்சு

நான்: [படம்]

அக்கா: என்னடா ஆச்சு

நான்: மூணு மாடி ஆபீஸ் ஒண்ணுக்கு கேமரா வேலை, மாடிக்கு 6 கேமரான்னு பேசினது, மொத்தம் 18, புது கொட்டேஷன் சாஃப்ட்வேர்ல போட்டு நேத்து நைட்டே அனுப்பிட்டேன், இன்னிக்கு கிளையன்ட் போன் பண்ணி தம்பி 54 கேமராவ 32 சேனல் ரெக்கார்டர்ல, அதாவது 32 கேமரா தான் மாட்ட முடியுற பெட்டியில, எப்படி மாட்டுவீங்கன்னு சிரிக்கிறாரு, எனக்கு பேச்சே வரல, சாஃப்ட்வேர் தான் தப்பா பெருக்குதுன்னு நினைக்கிறேன்

அம்மா: 54 கேமராவா. நம்ம வாசலுக்கு ஒண்ணே ஒண்ணு போடுடான்னு எத்தனை மாசமா சொல்லிட்டிருக்கேன்

அக்கா: அம்மா கொஞ்சம் இரு

அக்கா: டேய் அது தப்பாலாம் பெருக்காது. மாடின்னு ஒரு செக்‌ஷன் வச்சிருக்கல்ல, அந்த தலைப்புக்கு நேரா ஒரு குவாண்டிட்டி கட்டம் இருக்கும் பாரு, அதுல என்ன இருக்கு

நான்: 3

அக்கா: கேமரா லைன்ல?

நான்: 18

அக்கா: அவ்ளோதான். 18ஐ அது 3ஆல பெருக்கிடுச்சு. நீ சொன்னதத்தான் செஞ்சிருக்கு

நான்: ஐயோ

நான்: ஆனா மொத்த தொகை மூணு மடங்கு ஏறலயே அக்கா, ஏறியிருந்தா அனுப்பறதுக்கு முன்னாடி நானே பிடிச்சிருப்பேனே

அக்கா: அதான் விஷயமே. ஸ்விட்ச், அதான் ஒரு மாடி கேமரா கேபிள் எல்லாம் வந்து சேர்ற பெட்டி, அந்த லைன்ல ஒரு மாடிக்கு 1ன்னு போட்டிருக்க, 3 ஆச்சு, அது சரி. கேபிளும் மாடி கணக்குல தான் இருக்கு, அதுவும் சரி. ரெக்கார்டர் தனியா பொதுன்னு ஒரு செக்‌ஷன்ல 1. கேமராவுக்கு மட்டும் மனசுல இருந்த மொத்தத்த டைப் பண்ணிட்ட. எல்லாமே தப்பா இருந்தா பளிச்னு தெரிஞ்சிருக்கும், ஒரு லைன் மட்டும் தப்புன்னா கண்ணுல படாது

சித்தப்பா: இப்பதான் பார்த்தேன் நான் ஸ்டோர்ல இருந்தப்போ மெஷர்மென்ட் புக்குன்னு ஒண்ணு வச்சிருப்போம் அதுல வெறும் 18ன்னு எழுதினா இன்ஜினியர் கையெழுத்தே போட மாட்டார் 3 பெருக்கல் 6 அப்படின்னு எழுதி கடைசி காலத்துல தான் 18 வரணும் நம்பர் நீளம் அகலம் உயரம்னு வரிசையா காலம் இருக்கும் ஏன்னா ஆறு மாசம் கழிச்சு எவனாவது வந்து இது எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டா சொல்லணும்ல

சித்தப்பா: காலம்னா டைம் இல்ல, கட்டம். போன்ல பேசி அனுப்புறேன் அதுவா எழுதுது

அக்கா: சித்தப்பா சொல்றது தான் கரெக்ட். தம்பி, செக்‌ஷன்ல பெருக்கு, இல்ல லைன்ல பெருக்கு. ரெண்டு இடத்துலயும் கை வைக்காத. என்னைக் கேட்டா மாடி, ரூம் இதெல்லாம் ஒரே மாதிரி இருந்தா மட்டும் செக்‌ஷன்ல 3ன்னு வை. ஒரு மாடில 6, இன்னொண்ணுல 5ன்னா அந்த வசதிய தொடவே தொடாத, மூணு தனித்தனி செக்‌ஷனா காப்பி பண்ணிக்கோ

நான்: சரி. கேமராவ 6 ஆக்கிட்டேன். 18 வருது. அப்பாடா

அக்கா: அப்பாடா சொல்லாத இன்னும். கனெக்டர் லைன் பாரு

நான்: பாக்கெட் 1. ஒரு பாக்கெட்ல 100

அக்கா: அது மாடி செக்‌ஷன் உள்ள தானே இருக்கு

நான்: ஆமா

நான்: ஓ

அக்கா: கேமராவுக்கு 2 கனெக்டர், 18க்கு 36. நீ 300 கனெக்டருக்கு காசு கேட்டிருக்க

அம்மா: மீதி 264ஐ என்னடா பண்ணுவ

நான்: அம்மா நீ கணக்குல இவ்ளோ வேகமா

அம்மா: உங்கள வளத்தது யாரு

அக்கா: பாக்கெட்டா பாக்ஸா வர்ற எதையும் செக்‌ஷனுக்குள்ள முழுசாக்காத. கடைசியில மொத்தமா கூட்டி ஒரே ஒரு தடவ தான் மேல தள்ளணும். எங்க ஆபீஸ்ல டைல்ஸ்ல இதே கூத்து நடந்துச்சு. 8 பாத்ரூம், ஒவ்வொண்ணும் 3.2 சதுர மீட்டர், வேஸ்டேஜ் 10% சேர்த்தா 3.52. 600க்கு 600 டைல், பாக்ஸுக்கு 4, அதாவது 1.44 சதுர மீட்டர். ரூம் ரூமா முழுசாக்கினா 3 பாக்ஸ், எட்டுக்கு 24. மொத்தமா பார்த்தா 28.16, பாக்ஸ் 20 போதும். 4 பாக்ஸ் சும்மா ஏறிடுச்சு

சித்தப்பா: டைல்ஸ்ல வெட்டு துண்டு எல்லாம் அடுத்த ரூமுக்கு ஆகாதும்மா. அதையும் பாரு. 20ன்னு போட்டா மேஸ்திரி 21ஆவதுக்கு வந்து நிப்பான்

அக்கா: அது நிஜம் சித்தப்பா, அதுக்கு தான் அந்த 10%. ஆனா வேஸ்டேஜ ஒரு தடவ தான் போடணும். ஐட்டத்துலயே 10% செட் பண்ணியிருப்பாங்க, அது தெரியாம அளவ எடுத்துட்டு வர்றவரு கையிலயும் ஒரு 10% சேர்த்துடுவாரு. 21% ஆயிடும்

நான்: 20% தானே

அக்கா: 1.1 × 1.1 போட்டு பாரு

நான்: 1.21. சரி சரி

நான்: கேபிளுக்கு அப்போ எப்படி? ஒரு கேமராவுக்கு சராசரி 35 மீட்டர், மாடிக்கு 210, 10% சேர்த்து 231ன்னு வச்சிருக்கேன்

அக்கா: யூனிட் என்ன போட்டிருக்க

நான்: மீட்டர்

அக்கா: ரேட்டு மீட்டருக்கா பாக்ஸுக்கா. இது தான் ரொம்ப ஆபத்தான இடம், குவாண்டிட்டி மீட்டர்ல இருக்கும் ரேட்டு பாக்ஸோடதா இருக்கும், சாஃப்ட்வேருக்கு ரெண்டும் வெறும் நம்பர் தான், 231 பாக்ஸ்னு நினைச்சு பெருக்கிட்டு சிரிக்கும்

நான்: மீட்டர் ரேட்டு தான். செக் பண்ணிட்டேன்

அக்கா: அப்போ கிளையன்ட்டுக்கு 693 மீட்டர்னே காட்டு. நீ வாங்கறது 305 மீட்டர் பாக்ஸ், 693க்கு 2.27, அதனால 3 பாக்ஸ். விக்கிற குவாண்டிட்டி வேற, வாங்குற குவாண்டிட்டி வேற. ரெண்டாவதுக்கு தனியா உள்ள ஒரு கட்டம் இருக்கும், அது பிடிஎஃப்ல வராது. ரெண்டையும் ஒரே கட்டத்துல திணிச்சா தான் எல்லா சண்டையும். பாக்ஸ்ல மிஞ்சுறதுக்கு யாரு காசு கொடுக்கணும்ங்கறது நீ முடிவு பண்ண வேண்டியது, அத ரேட்டுல வை, குவாண்டிட்டில ஒளிச்சு வைக்காத

நான்: இத யாரும் எனக்கு சொல்லித் தரல

அக்கா: எனக்கும் தான்

சித்தப்பா: ஹார்டு டிஸ்க் எத்தனை போட்டிருக்க

நான்: 8 டிபி ரெண்டு. கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ், அதாவது செகண்டுக்கு 4 மெகாபிட், 18க்கு 72, 8 பிட் ஒரு பைட்டுன்னு 8ஆல வகுத்தா செகண்டுக்கு 9 எம்பி, ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 778 ஜிபி. 15 நாளைக்கு 11.7 டிபி. ரெண்டு போதும்

சித்தப்பா: பரவால்லயே

அக்கா: ஸ்க்ரீன்ஷாட்டோட கீழ குறிப்புல 30 நாள் ரெக்கார்டிங்னு எழுதியிருக்கியே

நான்: ..........

நான்: ஆமா அவரு நடுவுல 30 நாள் வேணும்னாரு. குறிப்புல மாத்துனேன்

அக்கா: குறிப்புல மாத்துன, டிஸ்க் லைன்ல மாத்தல. 30 நாளைக்கு 23.3 டிபி, 3 டிஸ்க் வேணும். அதனால தான் சொல்றேன், கணக்கு போட்டு வர்ற குவாண்டிட்டிய கையால அடிக்காத. நாள், கேமரா எண்ணிக்கை ரெண்டையும் மேல ஒரு இடத்துல வச்சிட்டு டிஸ்க் லைன்ல ஃபார்முலா போடு. அங்க 15ஐ 30 ஆக்குனா இங்க 2 தானா 3 ஆகணும். ஃபார்முலா லைன்ல எவனாவது மேல ஒரு நம்பர் டைப் பண்ணிட்டா அதோட ஃபார்முலா செத்துடும், சில சாஃப்ட்வேர் கலர் மாத்தி காட்டும், சிலது மூச்சே விடாது

நான்: இதுல நாம மூணாவது டிஸ்க்க விட்டிருந்தா அந்த காசு என் கையில இருந்து போயிருக்கும். 54க்கு சிரிச்சவரு இதுக்கு சிரிச்சிருக்க மாட்டாரு

அக்கா: அதிகமா போட்டா கிளையன்ட் கண்டுபிடிப்பாரு. கம்மியா போட்டா நீ தான் கண்டுபிடிக்கணும், அதுவும் வேலை முடியற நேரத்துல

நான்: இன்னொரு கேள்வி. படிக்கட்டுக்கு 3 கேமரா பேச்சு இருந்துச்சு, இப்போதைக்கு வேணாம்னுட்டாரு. டெலீட் பண்ணிடவா இல்ல 0 வைக்கவா

அக்கா: டெலீட் பண்ணாத, அடுத்த வாரம் திரும்பி கேப்பாரு. 0ன்னு வச்சா பிடிஎஃப்ல 0ன்னு அச்சாகி அசிங்கமா நிக்கும், போதாததுக்கு நீ மறந்துட்டியோன்னு நினைப்பாங்க. ஆப்ஷனல்னு டிக் பண்ணி குவாண்டிட்டி 3ஏ இருக்கட்டும், மொத்தத்துல சேராது, அவரு ரேட்டு பார்த்துக்கலாம்

நான்: ஓகே. பழைய கொட்டேஷன்லயே மாத்தி திரும்ப அனுப்பிடவா

அக்கா: அய்யோ வேண்டாம். ரிவிஷன் 1ன்னு புதுசா எடு. அவர் கையில 54 இருக்கற பேப்பர் இருக்கு, உன்கிட்ட அது இல்லாம போச்சுன்னா எதுக்கு எது மாறுச்சுன்னு பேசவே முடியாது. வேலை ஆரம்பிச்சப்புறம் கூடினா குறைஞ்சா அத கூட மெயின் கொட்டேஷன்ல தொடாத, தனி வேரியேஷனா, அதாவது மாறினத மட்டும் காட்டுற தனி பேப்பரா போடு, ரெண்டு கேமரா குறைஞ்சா மைனஸ் 2ன்னே போடலாம்

சித்தப்பா: மைனஸ்லயா நாங்க சிவப்பு மையில எழுதுவோம்

நான்: போய் மாத்துறேன். ஒரு மணி நேரத்துல அனுப்பிடுவேன், அனுப்பறதுக்கு முன்னாடி இங்க போடுறேன் அக்கா நீ ஒரு தடவ பாத்துடு

அக்கா: போடு. விலைய பார்க்க மாட்டேன், குவாண்டிட்டி காலத்த மட்டும் மேலருந்து கீழ படிப்பேன்

அம்மா: எல்லாம் முடிஞ்சுதா. வாசலுக்கு எப்போ

நான்: இந்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பா மா. கேமரா 1

அம்மா: பின்பக்க கதவு?

அக்கா: அத ஆப்ஷனல்ல போடு தம்பி. 0 வச்சிடாத, அம்மா விட மாட்டாங்க