மகளை அக்காவிடம் விட்டுவிட்டு மஸ்கட் போகிறேன்: நோட்டரி பத்திரம் போதுமா?

கோத்தகிரி_நர்ஸ்:
வணக்கம். ஓராண்டு ஒப்பந்தத்தில் அடுத்த மாதம் மஸ்கட் கிளம்புகிறேன். மகளுக்குப் 11 வயது, ஆறாம் வகுப்பு. நாலு வீடு தள்ளி இருக்கும் என் அக்கா வீட்டில் இருப்பாள். கணவர் பிரிந்து போய் நாலு வருஷம் ஆகிறது. விவாகரத்து ஆகவில்லை. கோவையில் இருப்பதாகக் கேள்வி. பணமும் வராது, போனும் வராது.

போன மாதம் குன்னூரில் நைட் டூட்டியில் இருந்தேன். பாப்பா படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அக்கா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், "பெரியம்மா கையெழுத்து செல்லாது, அம்மா வரட்டும்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். மழையில் ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. நான் போய்ச் சேர மூணு மணி நேரம். அதுவரை பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டே அழுதிருக்கிறது.

டைப்பிங் சென்டர்காரர் "கார்டியன் பத்திரம்" அடித்து நோட்டரி முத்திரையோடு தருகிறாராம், எங்கே போனாலும் செல்லுமாம். உண்மையா? கணவர் கையெழுத்தும் வேண்டுமா?

மலைப்பாதை:
என் தம்பி பையனுக்கு நோட்டரிதான் போட்டோம். ஸ்கூலில் ஒன்றும் கேட்கவில்லை. சந்தேகமாக இருந்தால் கோர்ட்டில் அக்காவையே கார்டியனாகப் போட்டுவிடுங்கள்.

ஊட்டி_குமாஸ்தா:
கோர்ட்டில் அப்படிப் போட முடியாது தம்பி. 1890-ஆம் வருஷத்துப் பாதுகாவலர் (கார்டியன்) சட்டம், 19-ஆம் பிரிவைப் பாருங்கள். அப்பாவோ அம்மாவோ உயிரோடு, தகுதியோடு இருக்கும்போது வேறு ஆளை நியமிக்க அது இடம் கொடுக்காது. இந்த அம்மாவுக்குத் தகுதிக் குறைவு ஒன்றும் இல்லையே, வேலைக்குத்தானே போகிறார்.

நோட்டரி தாளும் யாரையும் கார்டியன் ஆக்காது. நோட்டரி சாட்சி சொல்வது "இன்னார் கையெழுத்துப் போட்டார்" என்பதற்கு மட்டும்தான். ஆனாலும் அந்தத் தாள் வேண்டும். "கார்டியன்" என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, அதிகாரக் கடிதமாக எழுதுங்கள். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை மகள் என் அக்காவின் பொறுப்பில் இருக்கிறாள், சிகிச்சைக்கும் பள்ளி விஷயங்களுக்கும் அவர் கையெழுத்துப் போடலாம் என்று பெயர், ஆதார், உறவு எல்லாம் தெளிவாக இருக்கட்டும். கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். அங்கே போய்ச் செய்தால் தூதரகத்தில் அலைய வேண்டும்.

ஆஸ்பத்திரி விஷயத்துக்கு இது நேரடியாக உதவும். பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம், அதன் 27-ஆம் பிரிவு, 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்த சிகிச்சைக்கு, கார்டியனோ "சட்டப்படி பொறுப்பில் வைத்திருக்கும் வேறொருவரோ" சம்மதித்திருந்தால் டாக்டருக்குப் பாதுகாப்புத் தருகிறது. அந்த வேறொருவர் உங்கள் அக்காதான் என்று காட்டவே இந்தத் தாள். அடுத்த வருஷம் பிள்ளைக்கு 12 முடிந்துவிட்டால் அந்தப் பிரிவு பேசாது, அதையும் நினைவில் வையுங்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம், சம்மதம் வாங்க நேரமில்லை என்றால் 30-ஆம் பிரிவு இருக்கிறது. யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

கணவர் கையெழுத்து: கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் வேலை நிற்காது. 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: அப்பா பிள்ளையின் பொறுப்பையே ஏற்காமல் இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே அம்மா இயற்கைப் பாதுகாவலராக, அதாவது கோர்ட் நியமிக்காமலே சட்டம் ஏற்கும் கார்டியனாக, நடந்துகொள்ளலாம்.

கோத்தகிரி_நர்ஸ்:
ரொம்ப நன்றி அண்ணா. இன்னொரு பயம், முதலில் எழுதக் கூச்சமாக இருந்தது. நான் இல்லாத நேரம் பார்த்து கணவர் வந்து பிள்ளையைக் கூட்டிப் போனால்? இந்தத் தாளைக் காட்டித் தடுக்கலாமா?

ஊட்டி_குமாஸ்தா:
முடியாதும்மா. அவரும் பெற்ற தகப்பன். குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் மலை ஏறும் வண்டிகளை இ-பாஸ் கேட்டு நிறுத்துவார்களே, அந்த அளவுகூட இந்தத் தாள் அவரை நிறுத்தாது.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பதிலே வேறு. பிள்ளை உங்கள் வசம் இருக்க வேண்டும் என்று நீங்கள் உங்கள் பெயரிலேயே மனு போடுங்கள். பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றம், அதாவது ஊட்டி. அவருக்கு நோட்டீஸ் போகும், மாதங்கள் இழுக்கும். அதனால் கூடவே அதே 1890-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், நீங்கள் திரும்பும்வரை பிள்ளை பெரியம்மா வீட்டிலேயே இருக்க இடைக்கால உத்தரவு கேளுங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, 15100-க்குக் கூப்பிடுங்கள்.

கொடைக்கானல்_பாட்டி:
பேத்தியை ரெண்டு வருஷம் வைத்திருந்தவள் சொல்கிறேன். எங்களுக்குத் தொல்லை கொடுத்தது பேங்க்தான். கடிதத்தைக் காட்டிப் பிள்ளை கணக்கில் கை வைக்க முடியாது. 2025 ஜூலையிலிருந்து 10 வயது முடிந்த பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, கிளையில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் செலவுப் பணத்தைப் பேசாமல் அக்கா கணக்குக்கே அனுப்புங்கள்.

கோத்தகிரி_நர்ஸ்:
அப்டேட். கடிதம் ரெடி, மூன்று அசல் போட்டேன்: அக்காவுக்கு, பள்ளிக்கு, என் கைப்பைக்கு. அன்றைக்கு உட்கார வைத்த ஆஸ்பத்திரியில் ஜெராக்ஸைக் காட்டினேன். பிள்ளை பெயரில் இருக்கும் ஃபைலில் வைத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை ஊட்டியில் வக்கீலைப் பார்க்கிறேன். டிக்கெட்டை இரண்டு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறேன்.