சென்னை பெசன்ட் நகரில் குடியிருந்தவர்களே, மறக்க முடியாதது எது?

உப்புக்காற்று:
அஷ்டலட்சுமி கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி, வாடகை வீடு. தரகர் காட்டியது பால்கனியிலிருந்து தெரியும் ஒரு கீற்றுக் கடலை மட்டும்தான். நாங்களும் அதை மட்டும்தான் பார்த்தோம். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். ஜன்னலைச் சாத்தப் போய்க் கம்பியைப் பிடித்தேன், கையோடு வந்துவிட்டது. மேலே பளபளவென்று வெள்ளைப் பெயின்ட், உள்ளே நாட்டுச்சர்க்கரை போல உதிரும் துரு. முந்தின நாள்வரை அந்தக் கம்பியில் சாய்ந்து நின்றுதான் என் இரண்டு வயது மகள் காக்காய்க்குச் சோறு வைத்தாள்.

நண்டுவளை:
எனக்கு ஆமைக்குஞ்சு. கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடு, ஒரு மார்ச் மாத நள்ளிரவு. பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடல் பக்கம் போகாமல் தெருவிளக்கைப் பார்த்து ஊர்ந்து வந்திருக்கின்றன. 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துக் காப்பது தெரியும்; அவர்கள் கண்ணுக்குத் தப்பிய குழி போலிருக்கிறது. வாளியில் அள்ளி, கடற்கரையில் நிற்கும் ஷ்மிட் நினைவு மண்டபத்தைத் தாண்டி இருட்டான இடத்தில் விட்டேன். பதினாறு. திரும்பி வந்து ஸ்கூட்டரை நகர்த்தியபோதுதான் பதினேழாவது குஞ்சு சக்கரத்தடியில் இருந்தது தெரிந்தது.

மேஸ்திரி மகன்:
உப்புக்காற்று, கம்பியைக் குறை சொல்லாதீர்கள். துருவின் மேல் பெயின்ட் அடிப்பது புண்ணைச் சட்டையால் மூடுவது. உப்புத்தாளால் வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்த்து, அன்றே துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூசி, காய்ந்தபின் எனாமல் இரண்டு கை அடிக்க வேண்டும். மழைக்காலத்தில் கூடாது. எவர்சில்வர் போடுகிறவர்கள் 316 ரகம் கேளுங்கள். 304 கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விடும். ஏசியின் வெளி யூனிட்டைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கூரையில் மயிரிழை விரிசல் கண்டால் பூசி மறைக்காதீர்கள். உள்ளே கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளப்பதாக இருக்கலாம். எங்கள் குளியலறைக் கூரை அப்படித்தான் விழுந்தது. நல்லவேளை, யாரும் உள்ளே இல்லை.

உப்புக்காற்று:
வாடகை வீடு என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன் ஐயா. ஆணி அடிக்கவே அனுமதி கேட்ட வீடு அது.

மேஸ்திரி மகன்:
வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

குப்பத்துப் பக்கத்து வீடு:
ஜன்னல் சண்டையை விடுங்கள். கடற்கரை, கோயில், சர்ச், 29சி பஸ், எல்லாம் நடக்கும் தூரம் என்று நானும் பெருமைப்பட்டவள்தான். 2019 கோடை நினைவிருக்கிறதா? கிணற்றுத் தண்ணீர் கரித்தது, லாரி வரவில்லை. மிச்சம் பிடித்தே பழகிப்போனோம். அந்த ஆகஸ்ட் 29, வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றம். காவிப் புடவை கட்டி நடந்து வந்த ஓர் அம்மா கேட்டைத் தட்டிக் கால் கழுவத் தண்ணீர் கேட்டார். "குடிக்க மட்டும் தருகிறேன்" என்று சொல்லி ஒரு செம்பு நீட்டினேன். வாங்கியவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. முழுவதையும் காலில் ஊற்றிக்கொண்டார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். செருப்பில்லாத கால், குதிகால் முழுக்க உடைந்த கொப்புளம். இன்னொரு செம்பு கொண்டுவர உள்ளே ஓடினேன். வந்து பார்த்தால் கேட் சாத்தியிருந்தது, செம்பு திண்ணையில் கவிழ்த்து வைத்திருந்தது.