ஹெச்-இண்டெக்ஸ் ஒருவருக்கு 61, இன்னொருவருக்கு 19: எந்த லேப்புக்குப் போறது?

எலிக்கூண்டு (கேள்வி):

நியூரோசயின்ஸ் பிஹெச்டிக்கு ரெண்டு லேப்பிலிருந்து இடம் வந்திருக்கு. முதல் கைடு மூளை இமேஜிங். ஹெச்-இண்டெக்ஸ் 61, மொத்த சைட்டேஷன் (மத்தவங்க பேப்பர்ல மேற்கோள் காட்டினது) 19,000, முதல் பேப்பர் வந்து 30 வருஷம் ஆச்சு. ரெண்டாமவர் எலியோட மூளையில ஹிப்போகேம்பஸ்ங்கிற பகுதியில எலக்ட்ரோடு வெச்சு ரெக்கார்டு பண்றவர். ஹெச்-இண்டெக்ஸ் 19, சைட்டேஷன் 2,200, 12 வருஷம். "இதுல யோசிக்க என்ன இருக்கு"ன்னு கூடப் படிக்கிறவங்க சிரிக்கிறாங்க. எனக்குப் பிடிச்சது என்னவோ ரெண்டாவது லேப் வேலைதான். ஆனா நம்பரைப் பார்த்தா பயமா இருக்கு. இந்தக் கணக்கையெல்லாம் எப்படிப் படிக்கணும்?

சினாப்ஸ்காரன்:

ரெண்டு மாதிரி லேப்பிலும் குப்பை கொட்டியிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

61ன்னா, குறைஞ்சது 61 தடவை மேற்கோள் காட்டப்பட்ட பேப்பர் அவர்கிட்ட 61 இருக்கு. அவ்வளவுதான். 2005-ல ஹோர்ஹே ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் கொண்டுவந்த அளவு. ஏறுமே தவிர இறங்காது, ஆள் ரிட்டையர் ஆனாலும் ஏறும். அதை ஆராய்ச்சியில் இருந்த வருஷத்தால வகுத்துப் பார்க்கலாம்னு ஹிர்ஷே சொன்னார். வகுங்க: பெரியவருக்கு 2, இவருக்கு 1.6 கிட்ட. எங்கே போச்சு அந்த மலையளவு வித்தியாசம்?

அடுத்தது, பேர் எந்த இடத்துல இருக்கு? நம்ம துறையில பொதுவா முதல் பேர் வேலை செஞ்சவர், கடைசிப் பேர் லேப் தலைவர். நடுவுல இருக்கிறவங்க என்ன செஞ்சாங்கன்னு பேப்பருக்குள்ள போய்த்தான் பார்க்கணும். இமேஜிங்ல எனிக்மா மாதிரி கூட்டமைப்புகள் இருக்கு, ஒரே பேப்பருக்கு நூற்றுக்கணக்கான பேர். ஸ்கேன் டேட்டா கொடுத்தவருக்கும் அந்த சைட்டேஷன் முழுசா ஏறும். ரெண்டு பேரோட பேப்பர் பட்டியலையும் வருஷ வாரியா அடுக்கி, கடைசி அஞ்சு வருஷத்துல கடைசிப் பேரா எத்தனை இருக்கு, அதுல முதல் பேர் மாணவர்தானான்னு எண்ணுங்க. நீங்க நாளைக்கு உட்காரப் போற நாற்காலி அதுதான்.

அப்புறம், எதுக்காக மேற்கோள் காட்டறாங்க? 1951-ல லௌரி குழு எழுதின புரதம் அளக்கும் முறைக்கு 3 லட்சத்துக்கு மேல சைட்டேஷன். எல்லாரும் ரசிச்சுப் படிச்சதால இல்ல, செய்முறைப் பகுதியில் "இந்த முறைப்படி அளந்தோம்"னு ஒரு வரி போட்டே ஆகணும்ங்கிறதால. மூளை ஸ்கேனைப் புள்ளியியல் வெச்சு அலசற எஸ்பிஎம் முறையைப் பத்தி கார்ல் ஃபிரிஸ்டன் எழுதின பேப்பர்களும் அப்படித்தான், ஸ்கேனை அலசறவங்க நிறையப் பேர் அதைத் தொடாம போக முடியாது. குறையா சொல்லல. நல்ல கருவி செய்யறதும் பெரிய வேலைதான், ஆனா அது வேற வேலை. இன்னொரு பக்கம், ஓகீஃபும் டாஸ்ட்ரோவ்ஸ்கியும் 1971-ல போட்டது சில பக்கச் சின்னப் பேப்பர்: எலி ஓர் இடத்துக்கு வந்தா மட்டும் ஹிப்போகேம்பஸ்ல ஒரு நரம்பு செல் மின் சிக்னல் விடுது. ஓகீஃபுக்கு நோபல் வந்தது 2014-ல.

எலக்ட்ரோடு வேலை மெதுவா நகரும். ஆபரேஷன் பண்ணி, எலி தேறி, பயிற்சி கொடுத்து, கம்பியைக் கொஞ்சங்கொஞ்சமா இறக்கி செல்லைத் தேடணும். நல்ல சிக்னல் வந்த அன்னிக்கு எலி தூங்கிடும். துறையும் சின்னது, மேற்கோள் காட்ட ஆளும் குறைவு. அதனால என்ஐஹெச்சோட (அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) ஐசைட் தளத்துல ஆர்சிஆர்ங்கிற அளவைப் பாருங்க, இலவசம்தான். ஒரு பேப்பரை அதே துறைப் பேப்பர்களோட ஒப்பிடற அளவு அது. 1-ன்னா என்ஐஹெச் பணத்துல வந்த பேப்பர்களோட நடுமட்டம்.

நூலகவாசி:

சினாப்ஸ் சார் சொல்றது சரி. ஆனா நம்பரைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஜர்னல் இம்பாக்ட் ஃபேக்டரை (ஒரு ஜர்னலோட பேப்பருக்குச் சராசரியா எத்தனை சைட்டேஷன்ங்கிற கணக்கு) வெச்சு ஆளை எடை போடாதேன்னு 2012-லேயே சான்ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் வந்தாச்சு, கையெழுத்து போட்ட இடங்கள்லயும் தேர்வுக் குழு ரகசியமா கூகுள் ஸ்காலரைத் திறக்கத்தான் செய்யுது.

முதல்ல அந்த 61 எங்கே பார்த்ததுன்னு சொல்லுங்க. கூகுள் ஸ்காலர்ல ஆய்வேடு, பிரீபிரிண்ட் (ஜர்னல்ல வர்றதுக்கு முன்னாடியே வெளியிட்ட பேப்பர்) எல்லாம் சேரும். ஸ்கோபஸ்ங்கிற இன்னொரு சைட்டேஷன் தளத்துல அதே ஆளுக்குக் குறைச்சலா காட்டும். ஒருத்தருக்கு இதுல, இன்னொருத்தருக்கு அதுல பார்த்தா கணக்கே தப்பு. ஒரே பேர்ல இருக்கிற வேற யாரோட பேப்பராவது ஒட்டிக்கிட்டிருக்கான்னு அவரோட ஆர்கிட் (ஆராய்ச்சியாளருக்கான தனி அடையாள எண்) பக்கத்துல சரிபார்த்துக்கோங்க.

எலிக்கூண்டு:

ரெண்டுமே ஸ்காலர்தான். எண்ணிப் பார்த்தேன். பெரியவரோட டாப் பேப்பர்கள் கூட்டமைப்புதான், பேர் நடுவுல. ரெண்டாமவர் லேப்ல ஏறக்குறைய எல்லாத்துலயும் முதல் பேர் மாணவர்.

ஒரு சந்தேகம். ரெண்டாமவரோட அதிக சைட்டேஷன் வாங்கின பேப்பரை மறுத்து இன்னொரு லேப் எழுதியிருக்கு. இது மோசமான அறிகுறியா?

சினாப்ஸ்காரன்:

மறுத்தாங்கன்னா யாரோ உட்கார்ந்து செஞ்சு பார்த்திருக்காங்க, அது நல்லதுதான். யாரும் செஞ்சு பார்க்காம சைட்டேஷன் மட்டும் ஏறினாத்தான் எனக்குப் பயம். 2006-ல நேச்சர் ஜர்னல்ல வந்த, அமிலாய்டுங்கிற மூளைப் புரதத்தைப் பத்தின பேப்பர் ஒண்ணு, அல்சைமர் எலிகளைப் பத்தினது, 2,000-க்கு மேல சைட்டேஷன் வாங்கிச்சு. படங்கள்ல கைவெச்சிருக்காங்கன்னு 2022-ல சந்தேகம் பெருசா வெளியே வந்து, 2024-ல திரும்பப் பெற்றாங்க. ஆனா அந்த 2,000 சைட்டேஷன் எழுதினவங்க கணக்குலேர்ந்து குறையல.

அதனால மறுப்புப் பேப்பரை முழுசாப் படிங்க. எலி வகை வேறயா, எலக்ட்ரோடு இறங்கின ஆழம் வேறயான்னு பாருங்க. பல சண்டை அங்கேயே தீர்ந்துடும். அதுக்கு அப்புறம் அவர் புது டேட்டாவோட பதில் எழுதியிருக்காரான்னு தேடுங்க. இல்லேன்னா இன்டர்வியூவுலயே கேட்டுடுங்க, மரியாதையாத்தான், ஆனா விடாம.