புதுப்பிப்பு: ஒரே சிஎன்சி லேத்தில் (கம்ப்யூட்டர் இயக்கும் கடைசல் மெஷின்) இரண்டு ஆர்டர் மோதிய பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. பிரச்சினை: மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் என்ற வேலைத் திட்டமிடல் மென்பொருளில் ஒர்க் ஆர்டருக்கு ஒரு ஃபைல் என்று வைத்திருந்ததால், ஒரே லேத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை விழுந்தது.

கைகொடுத்தது ரிசோர்ஸ் பூல் (எல்லா ஃபைல்களும் பகிரும் பொதுப் பட்டியல்) யோசனைதான். மெஷின்கள் மட்டும் உள்ள ஒரு ஃபைல், ஒவ்வொன்றுக்கும் மேக்ஸ் யூனிட்ஸ் 100%, அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். ஆர்டர் ஃபைல்களை அதோடு இணைத்து, எல்லாவற்றையும் ஒரே மாஸ்டர் ஃபைலில் செருகி, அங்கே லெவலிங் (மோதும் வேலைகளைத் தள்ளிவைத்து மோதலை நீக்கும் வசதி) ஓட்டினேன்.

லெவலிங்கில், மோதலை நாள் கணக்கில் பார்க்கும் 'டே பை டே' இருந்தால் போதாது. காலை 8 மணிக்கே தொடங்கும் இரண்டு 3 மணி நேர வேலைகள் சேர்ந்து 6 மணி நேரம்தானே, ஒரு நாளின் 8 மணி நேரத்துக்குள் அடங்குகிறது என்று விட்டுவிடும். 'ஹவர் பை ஹவர்' வையுங்கள். வேலையைத் துண்டாக்க அனுமதிக்கும் ஸ்ப்ளிட் டிக்கையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி கடைந்த ஜாப்பை இறக்கி வேறொன்றை ஏற்றச் சொல்லும், செட்டிங் (ஜாப்புக்கு மெஷினைத் தயார் செய்வது) இரண்டு தடவை. அவசர ஆர்டருக்குப் ப்ரையாரிட்டி 900 போதும். 1000 என்றால் லெவலிங் அதைத் தொடாது.

எதிர்பாராதது: காலண்டரில் 2 ஷிஃப்ட், 16 மணி நேரம் போட்டும், '1 நாள்' என்று அடித்தால் 8 மணி நேரமாகவே எடுக்கிறது. 'ஒரு நாளுக்கு எத்தனை மணி' என்பது ஆப்ஷன்ஸில் தனி. கால அளவை மணிக்கணக்கிலேயே அடிப்பது நல்லது.

லெவலிங் வரிசையை மாற்றினால் செட்டிங் நேரத்தை மட்டும் இன்னும் கையால்தான் திருத்த வேண்டியிருக்கிறது.