தள்ளுபடிக் கூடையில் பழைய ராக் சிடி: தேடுவது வீணா?

ஊசிமுனை:
நேற்று ஒரு கடையின் தள்ளுபடிக் கூடையில் முக்கால் மணி நேரம் துழாவினேன். அடியில் கிடந்தது இக்கி அண்ட் தி ஸ்டூஜஸ் ராக் குழுவின் ‘ரா பவர்’ ஆல்பம், 1997க்கு முந்தைய பதிப்பு. 1973இல் வெளிவந்தபோது இருந்த, பாடகர் டேவிட் போவி செய்த ஒலிக்கலவை (குரலும் வாத்தியங்களும் எந்த அளவில் சேர வேண்டும் என்ற கணக்கு) அதில் அப்படியே இருக்கிறது. 1997இல் குழுவின் பாடகர் இக்கி பாப் அதை மறுபடி கலந்தபோது சத்தத்தை உச்சிக்கே ஏற்றிவிட்டார். அந்தக் காலத்தில் ரீமாஸ்டர் (பழைய பதிவை மெருகேற்றி வெளியிடுவது) என்ற பெயரில் பல ஆல்பங்களுக்கு இதே கதிதான்: கிசுகிசுப்பும் அலறலும் ஒரே மட்டம். மூச்சு விட இடமுள்ள பழைய சிடிகளை ஆட்கள் கூடையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

கம்பிநரம்பு:
பழசு என்றாலே உசத்தியா? போவியின் கலவையில் பேஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்கு இக்கியின் கலவைதான் உயிர். அது ரசனை, விடுங்கள். இசட் இசட் டாப் என்ற ராக் குழுவின் விஷயத்தைப் பாருங்கள். 1987இல் அவர்களுடைய ஆரம்பகால ஆல்பங்களைச் சிடியாக்கும்போது டிரம்ஸை அந்தக் காலப் பாணிக்கு மாற்றி, எதிரொலியைப் பூசிவிட்டார்கள். அவற்றில் ஒன்றான ‘ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்’ அசல் கலவையோடு சிடியில் வர 2006 ஆயிற்று. கூடையில் அதன் பழைய சிடியை எடுப்பவர் கெட்டுப்போன கலவையைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். லெட் செப்பலின் குழுவின் முதல் சிடிகளும் அதன் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜுக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் 1990 தொகுப்புக்காக அவரே ரீமாஸ்டர் வேலையில் இறங்கினார்.

ஊசிமுனை:
இசட் இசட் டாப் பற்றிச் சொன்னது சரி, மறுக்கவில்லை. ஆனால் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் ‘பிளிசார்ட் ஆஃப் ஆஸ்’? 1980 ஆல்பம். 2002 மறுவெளியீட்டில் பாப் டெய்ஸ்லியின் பேஸையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் அழித்து, வேறு ஆட்களை வைத்து வாசித்துச் சேர்த்தார்கள். அசல் வாசிப்பு 2011இல்தான் திரும்பி வந்தது. நடுவே ஒன்பது வருடம் பழைய பதிப்பை வைத்திருந்தவர்தான் பாக்கியசாலி. ஸ்ட்ரீமிங்கில் இன்று இருக்கும் கலவை நாளை மாறினால் உங்களைக் கேட்டா மாற்றுவார்கள்? கையில் இருக்கும் வட்டை யாரும் மாற்ற முடியாது.

நடுநிசி:
யாரும் மாற்ற வேண்டாம் நண்பரே, வட்டு தானே மாறும். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ என்ற சிடி ஆலையில் 1988 முதல் 1993 வரை தயாரானவற்றில் நிறைய வட்டுகள் ஓரத்திலிருந்து வெண்கல நிறமாகப் பழுத்துக்கொண்டே வரும். என்னிடம் அப்படி இரண்டு இருக்கின்றன. சிடி உள்ளிருந்து வெளியே ஓடுவதால் முதலில் அடிவாங்குவது கடைசிப் பாட்டு. ஒன்றில் கடைசிப் பாட்டு பொரிகிற எண்ணெய் மாதிரி இரைகிறது. வாங்கும் முன் உள்வளையத்தில் ஆலைப் பெயரைப் படியுங்கள்.

கம்பிநரம்பு:
இன்னொன்று. எல்லோரும் பளபளப்பான பக்கத்தில்தான் கீறல் தேடுகிறார்கள். அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கிறது, தேய்த்துச் சரிசெய்யலாம். பெயர் அச்சடித்த பக்கத்தில் மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே அலுமினியம். அங்கே ஆழமாகக் கீறினால் பாட்டே உரிந்துபோகும். உறையில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டிக் கிடப்பவற்றை நான் தொடுவதே இல்லை. அந்த நேரத்துக்கும் காசுக்கும் விசாரித்து ஒரே ஒரு நல்ல பதிப்பு வாங்குவேன்.

ஊசிமுனை:
விசாரித்துத் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் நானும் கூடையில் தேடுகிறேன். ஆல்பத்துக்கு ஆல்பம் எந்த வருடப் பதிப்பு நல்லது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ‘ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்’ தகவலும் இப்போது அதில் ஏறிவிட்டது. நடுநிசி சொன்னதும் பதறிப்போய் ‘ரா பவர்’ வட்டை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். ஓரம் வெள்ளியாகத்தான் இருக்கிறது, வெளிச்சம் கசியும் ஊசித்துளையும் இல்லை. கடைசியான எட்டாவது பாட்டைக் கடைசி நொடிவரை கேட்டேன். சுத்தமாக இருக்கிறது.

கம்பிநரம்பு:
நல்லது. பேஸ் கேட்டதா?

ஊசிமுனை:
கேட்டது. கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.