டிரென்ட் ரிச்சர்ட்சனுக்காக முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்தது அன்றே தெரிந்த தவறா?

நீலலாடம்:

குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஆண்ட்ரூ லக் வந்த நாளிலிருந்து அமெரிக்கக் கால்பந்து லீகில் ஆடும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியைப் பின்தொடர்ந்து வருகிறேன். அண்மையில் பழைய ஆட்டங்களை மீண்டும் பார்த்தபோது, 2013 செப்டம்பர் 18 அன்று நடந்த டிரென்ட் ரிச்சர்ட்சன் டிரேட் (அணிகளுக்கிடையிலான ஆட்டக்காரர் பரிமாற்றம்) மறுபடியும் மனத்தை உறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு டிராஃப்டில், அதாவது புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், மூன்றாவது இடத்தில் எடுக்கப்பட்ட ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுபவர்) அவர். கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணிக்கு 2014-ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வை, அதாவது அந்தச் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமையை, கொடுத்து அவரை வாங்கினோம். சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரான ஆட்டத்தில், நம் அணிக்காக முதன்முறை பந்தைக் கையில் வாங்கியதுமே அவர் டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) அடித்தபோது நான் இருக்கையை விட்டுக் குதித்துவிட்டேன். பிறகு அப்படிக் குதிக்க அவர் அதிகம் வாய்ப்புத் தரவில்லை. அந்தப் பருவத்தில் நமக்காக 157 முறை ஓடி 458 யார்டுகள், அடுத்த பருவத்தில் 159 முறை ஓடி 519 யார்டுகள். 2015 மார்ச்சில் அவரை விடுவித்துவிட்டார்கள்.

முடிவு தெரிந்த பிறகு யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம். டிரேட் நடந்த அன்று கையிலிருந்த தகவல்களை மட்டும் வைத்துப் பார்த்தால், இது தவறான முடிவு என்று சொல்லியிருக்க முடியுமா என்பதே என் கேள்வி.

மூன்றாம்டவுன்:

முடியாது என்றே நினைக்கிறேன். அன்றைய நெருக்கடியை நாம் மறந்துவிடுகிறோம். பருவம் தொடங்கிய முதல் வாரத்திலேயே நம் ரன்னிங் பேக் விக் பல்லார்டு முழங்கால் தசைநார் கிழிந்து அந்த ஆண்டு முழுவதையும் இழந்திருந்தார். மீதமிருந்தவர்களில் அகமது பிராட்ஷாவோ காயங்களோடு காலம் தள்ளி வந்தவர். லக் போன்ற குவாட்டர்பேக் தொடக்க ஒப்பந்தத்தின் குறைந்த சம்பளத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஆண்டுகள் மிகச் சிலவே என்பதால், அந்தச் சமயத்தில் துணிந்து செலவிடும் அணியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரிச்சர்ட்சனின் முதல் பருவத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். பருவத்துக்கு முன் முழங்காலில் அறுவைச் சிகிச்சை, நடுவில் விலா எலும்பில் காயம், அத்தனைக்கும் இடையில் 950 யார்டுகளும் ஓடியே 11 டச் டவுன்களும் எடுத்தவர் அவர். இடம் மாறிய பிறகு செழித்த ரன்னிங் பேக்குகளும் உண்டு. ஜெரோம் பெட்டிஸ் 1995-இல் ராம்ஸ் அணியில் 637 யார்டுகளோடு சோர்ந்திருந்தார். மறு ஆண்டு பிட்ஸ்பர்கில் 1,431 யார்டுகள் ஓடினார். 2015-இல் பிலடெல்பியாவில் 702 யார்டுகளில் தேங்கிய டிமார்கோ மர்ரே, டென்னஸி சென்றதும் 1,287 யார்டுகளை எட்டினார். பஃபலோ கைவிட்ட மார்ஷான் லிஞ்ச் சியாட்டிலில் நட்சத்திரமானார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பத்தாம்யார்டு:

நண்பர் அடுக்கிய மூன்று பெயர்களும் அவருடைய வாதத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன. லிஞ்சுக்காக சியாட்டில் கொடுத்தது ஒரு நான்காம் சுற்றுத் தேர்வும், நிபந்தனையோடு கூடிய இன்னொரு பிற்சுற்றுத் தேர்வும் மட்டுமே. மர்ரேக்காக டென்னஸி செய்தது நான்காம் சுற்றில் இரு அணிகளும் இடத்தை மாற்றிக்கொண்டதுதான். பெட்டிஸுக்கும் முதல் சுற்றுத் தேர்வை யாரும் கொடுக்கவில்லை. நிலையில்லாத ஆட்டக்காரர் மீண்டு வரக்கூடும் என்று நம்புவதில் பிழையில்லை. மீண்டு வந்துவிட்டவருக்கு உரிய விலையை முன்கூட்டியே கொடுத்ததுதான் பிழை. அதே 2013 ஏப்ரலில் நடந்த டிராஃப்டின் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட எந்த அணியும் எடுக்கவில்லை. 1963-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. லீக் முழுவதும் அந்த இடத்துக்கு விலையைக் குறைத்துக்கொண்டிருந்த ஆண்டில், ஐந்தே மாதம் கழித்து நாம் மட்டும் எதிர்த்திசையில் நடந்தோம்.

ஆட்டத்தையும் சற்று உற்றுப் பார்ப்போம். 950 யார்டுகள் என்பது 267 ஓட்டங்களின் கூட்டுத்தொகை, அதாவது ஓட்டத்துக்கு 3.6. ஓடுபவருக்கு வழி திறந்துகொடுக்கும் லைன் பலவீனம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை, ஏனெனில் அவருக்கு முன்னால் நின்றவர்கள் இடது டாக்கிளில் ஜோ தாமஸும் சென்டரில் அலெக்ஸ் மேக்கும். தாமஸ் பின்னாளில் புகழ் மண்டபத்துக்கே போனவர். சராசரியைவிட எனக்குக் கவலை தந்தது அந்த ஓட்டங்களின் தன்மை. முதல் டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் முதலாவதில்) நான்கு யார்டுகள் கிடைத்தால் அந்த ஓட்டம் அணிக்கு உதவியது என்று கொள்கிறோம். ஒருவர் நான்கு முறையும் நான்கு நான்காக ஓடுகிறார். இன்னொருவர் மூன்று முறை தலா ஒரு யார்டும் நான்காம் முறை பதின்மூன்று யார்டுகளும் ஓடுகிறார். சராசரி ஒன்றுதான், ஆனால் இரண்டாமவர் தம் அணியை மூன்று தடவை இரண்டாம் டவுனில் ஒன்பது யார்டு தேவை என்ற இக்கட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறார். ரிச்சர்ட்சனிடம் அந்தப் பதின்மூன்று யார்டு ஓட்டமும் அரிதாகவே வந்தது. லைன்மேன் திறக்கும் இடைவெளி ஒரு நொடியில் மூடிவிடும். அது திறப்பதற்கு முன்பே தலையைக் குனிந்துகொண்டு தம் அணி லைன்மேனின் முதுகிலேயே அவர் மோதுவதைப் பிரவுன்ஸ் ஆட்டங்களிலேயே காண முடிந்தது. உடல் வலு இல்லாமை அல்ல, கண் செய்ய வேண்டிய வேலையைத் தோள் செய்ததே அவருடைய குறை. அந்தக் குறை அணி மாறினால் தீராது.

அன்றைய தகவல் மட்டும் என்று கேட்டீர்கள் என்பதால், பிறகு தெரியவந்த இதைக் கடைசியில் சொல்கிறேன். அதே பருவத்தில், அதே கோல்ட்ஸ் லைனுக்குப் பின்னால் ஓடிய நம் இன்னொரு ரன்னிங் பேக் டொனால்டு பிரவுன் 102 முறையில் 537 யார்டுகள் எடுத்தார். ரிச்சர்ட்சனின் சராசரி அப்போது 2.9.

ஆரஞ்சுத்தலைக்கவசம்:

பிரவுன்ஸ் ரசிகன் என்ற முறையில் ஒரு செய்தி. 2012-இல் நான்காம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு, ஒரே ஒரு படி ஏறுவதற்காக, எங்கள் அணி மினசோட்டாவுக்குக் கூடுதலாக மூன்று தேர்வுகளைக் கொடுத்தது. அவரைத் தேர்ந்தெடுத்த நிர்வாகம் மாறி, அவர்மேல் எந்தப் பற்றும் இல்லாத புதியவர்கள் வந்த பிறகுதான் டிரேட் நடந்தது. பதினேழே ஆட்டங்களில் ஓர் அணி தன் மூன்றாம் தேர்வை விற்க முன்வந்தால், வாங்குகிறவர் அதற்கான காரணத்தை ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டும்.

எங்களைப் புத்திசாலிகள் என்று யாரும் புகழ வேண்டாம். உங்களிடமிருந்து வந்த அந்த 26-ஆம் தேர்வோடு 83-ஆம் தேர்வையும் சேர்த்துக் கொடுத்து 22-ஆம் இடத்துக்கு ஏறி குவாட்டர்பேக் ஜானி மான்சியலை எடுத்தோம். எட்டு ஆட்டங்களைத் தொடங்கியதோடு அவர் கதை எங்கள் அணியில் முடிந்தது.

மூன்றாம்டவுன்:

விலையைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். 2013 டிராஃப்ட் பற்றிய செய்தி என் நினைவில் இல்லை. ஆயினும் கோல்ட்ஸ் நிர்வாகத்துக்கு அது மலிவாகத் தோன்றியதற்கு ஒரு காரணம் இருந்தது. டிரேட் நடக்கும்போது கையெழுத்துப் போனஸின் சுமை பழைய அணியின் கணக்கிலேயே தங்கிவிடும். ரிச்சர்ட்சனின் ஒப்பந்தத்தில் பெரும்பகுதி அந்தப் போனஸ்தான் என்பதால், மூன்றாவது இடத்தில் எடுக்கப்பட்ட ஒருவரைச் சிறிய அடிப்படைச் சம்பளத்துக்கு, மூன்று ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ள முடிந்தது. சம்பளக் கணக்கில் கிடைத்த லாபத்தைப் பார்த்தவர்கள் தேர்வுக் கணக்கில் கைவிட்டுப் போனதைப் பார்க்கவில்லை.

நீலலாடம்:

அப்படியானால் என் கேள்வியையே சற்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆளைத் தேர்ந்ததில் அன்று ஐயம் இருந்திருக்கலாம், விலையில் ஐயத்துக்கே இடமில்லை என்று புரிகிறது. பல்லார்டு விழுந்த அந்த வாரத்தில் மூன்றாம் அல்லது நான்காம் சுற்றுத் தேர்வுக்கு அவரைக் கேட்டிருந்தால், இன்றைக்கும் நான் நிர்வாகத்தின் பக்கமே நின்றிருப்பேன். பிரவுன்ஸ் மறுத்திருப்பார்கள் என்றால், டொனால்டு பிரவுன் ஏற்கெனவே நம் அணியில்தானே இருந்தார்.